டிக்கெட் வகைகளும் கட்டாயப் புலங்களும்: ஒரு திணைக்கோட்பாட்டு அணுகுமுறை

பக், ஸ்டோரி, டாஸ்க், எபிக், சப்டாஸ்க். ஜிரா என்னும் மென்பொருளில் பெரும்பாலான குழுக்கள் புழங்கும் டிக்கெட் வகைகள் இந்த ஐந்துதான். ஐந்து என்ற எண்ணைக் கண்டால் தமிழாய்வாளன் கை சும்மா இராது. ஐந்தாக எது இருந்தாலும் அது திணை. நான்காக இருந்தால் பாலைக்குத் தனி நிலம் இல்லை என்று சொல்லிச் சமாளிக்கலாம். ஏழாக இருந்தால் கைக்கிளையும் பெருந்திணையும் கைகொடுக்கும். ஆறுதான் தொல்லை, அதற்கும் இந்நேரம் யாராவது முனைவர் பட்டத்துக்குப் பதிந்திருப்பார்.

வரலாற்றுப் பின்புலம் இல்லாத கட்டுரையை எந்த ஆய்விதழும் ஏற்காது என்பதால் ஒரு பத்தி. பக்சில்லா 1998-ல் வந்தது. ஆஸ்திரேலியாவின் அட்லாசியன் நிறுவனம் 2002-ல் ஜிராவை வெளியிட்டது. காட்சில்லாவின் ஜப்பானியப் பெயரான 'கோஜிரா'வின் தலையை வெட்டிவிட்டு மிச்சத்தை வைத்துக்கொண்டார்கள். ரெட்மைன் 2006. இவற்றுக்கெல்லாம் மூத்தது எது என்ற விவாதத்துக்குள் நாம் போகவில்லை. போனால், நம்மவர் ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே ஓலையில் டிக்கெட் போட்டார் என்று நிறுவாமல் திரும்ப முடியாது.

இனித் திணைப் பகுப்பு. ஸ்டோரி குறிஞ்சி: வாடிக்கையாளரும் குழுவும் கூடிக் களிக்கும் இடம், இன்னும் எதுவும் கெட்டுப்போகவில்லை. டாஸ்க் முல்லை: ஆற்றியிருத்தல், அதாவது இன்னொரு குழு அனுமதி தரும்வரை சும்மா இருத்தல். சப்டாஸ்க் மருதம்: தாய் டிக்கெட்டோடு ஓயாத ஊடல். எபிக் நெய்தல், இரங்கல். பக் பாலை என்பதில் ஐயமே இல்லை. குறிஞ்சியும் முல்லையும் தம் இயல்பு திரிந்தால் பாலையாகும் என்கிறது சிலப்பதிகாரம். ஸ்டோரியையும் டாஸ்க்கையும் வெள்ளிக்கிழமை மாலை அவசரமாக முடித்தால் பக் ஆகும் என்பதைத்தான் அது குறிப்பிடுகிறது. இளங்கோவடிகள் எந்த ரிலீஸில் பணிபுரிந்தார் என்பது தனி ஆய்வுக்குரியது. ஒரே ஆள் கமெண்ட் போட்டுக்கொண்டே இருக்க, மறுமொழியே வராத டிக்கெட் கைக்கிளை. மார்க்கெட்டிங்காரர் டேட்டாபேஸ் குழுவுக்குப் போடுவது பெருந்திணை.

திணைக்குத் திணை உரிப்பொருள் வேறுபடுவதுபோல் டிக்கெட் வகைக்கு வகை படிவத்தின் புலங்கள் வேறுபட வேண்டும். உரிப்பொருள் அல்லாதவை மயங்கலாம் என்று தொல்காப்பியம் இடம் கொடுக்கிறது. தலைப்பு, விவரம், பொறுப்பாளர் ஆகியவை எங்கும் மயங்கலாம். ஆனால் 'மறுபடி நிகழ்த்தும் படிகள்' பக்குக்கே உரியது. அது இடம் மாறினால் என்ன ஆகும் என்பதற்குச் சோழிங்கநல்லூர்ப் பக்கம் ஓர் அலுவலகத்தில் கிடைத்த சான்று இது. வகை: டாஸ்க். தலைப்பு: லேப்டாப் சார்ஜர் வேண்டும். கீழே சிவப்பு நட்சத்திரத்தோடு அந்தப் படிகள். கேட்டவர் பொறுமைசாலி. 'ஒன்று: சார்ஜரைச் செருகவும். இரண்டு: ஒன்றும் நடக்காது. மூன்று: பக்கத்து சீட்டில் கேட்கவும். நான்கு: தரமாட்டார்.' அடுத்த பெட்டி, எதிர்பார்த்த விளைவு: 'சார்ஜர்.' அதற்கடுத்தது, உண்மையில் கிடைத்த விளைவு: 'இந்தப் படிவம்.'

திணைமயக்கம் எப்படி நேர்கிறது? ஜிராவில் ஒவ்வொரு புலத்துக்கும் இரண்டு பரம்பரைகள். முதலாவது, புலம் கண்ணில் படுமா என்பதைத் தீர்மானிப்பது. புலம் ஒரு திரையில் ஏறும். புதிதாகப் போட, திருத்த, பார்க்க எந்தெந்தத் திரை என்று ஸ்க்ரீன் ஸ்கீம் சொல்லும். எந்த டிக்கெட் வகைக்கு எந்த ஸ்க்ரீன் ஸ்கீம் என்று இன்னொரு ஸ்கீம் சொல்லும். அதைக் கொண்டுபோய் ப்ராஜெக்டில் கட்ட வேண்டும். இரண்டாவது, புலம் கட்டாயமா, மறைவா என்பதைத் தீர்மானிப்பது. அதற்கு ஃபீல்டு கான்ஃபிகரேஷன் என்று பெயர். அதை வகைவாரியாகப் பிரிக்க அதற்கும் ஒரு ஸ்கீம். இரு பரம்பரைக்கும் கொள்வினை கொடுப்பினை கிடையாது.

ஆகவே ஓர் அட்மின், 'ரிலீஸ் எண்' புலத்தை பக் திரையில் மட்டும் சேர்த்துவிட்டு, எல்லா வகைக்கும் பொதுவான கான்ஃபிகரேஷனில் அதைக் கட்டாயமாக்கிவிட்டால், ஸ்டோரி போட வந்தவர் நிலை இது:

"அண்ணா, ரிலீஸ் எண் கட்டாயம்னு சொல்லுது. ஆனா அந்தப் பெட்டியையே காணோம்."

"பக்னு போட்டுப் பாரும்மா, வரும்."

"இது பக் இல்லையேண்ணா."

"முதல்ல பக்னு போடு. அப்புறம் ஸ்டோரியா மாத்திக்கலாம்."

அந்தக் காலாண்டில் பக் எண்ணிக்கை கூடிவிட்டது என்று மேலாளர் கவலைப்பட்டார்.

ரெட்மைனில் டிக்கெட் வகைக்கு ட்ராக்கர் என்று பெயர். புலத்தின் பக்கத்திலேயே எந்த ட்ராக்கருக்கு என்று டிக் அடித்தால் ஏறக்குறைய முடிந்தது. ஆராய ஒன்றும் மிஞ்சாததால் அதைப் பற்றி எழுதுவாரில்லை.

கண்ணில் படாத கட்டாயப் புலத்தை விளக்கப் பழைய சூத்திரம் எதுவும் அகப்படாததால் நாமே ஒன்று செய்துகொண்டோம்:

திரையில் வாராக் கட்டாயப் புலமே
நிரப்புவோன் உயிரை உறிஞ்சும் என்ப.

ஈற்றில் 'என்ப' இருப்பதால் மேற்கோள் காட்டும் தொல்லை இல்லை. இதற்கு உரை எழுதியவர், நாம் அட்மினார்க்குநல்லார் என்று பெயரிட்டிருக்கும் பெரியவர். உயிர் என்றது இங்கு நேரத்தை, ஆகுபெயர் என்றார். இரண்டாம் மாடிச் சோதனைக் குழுவின் பெயரறியா உரைகாரர் அதை மறுத்து, உயிர் என்றது உயிரையே என்றார். மூன்றாம் உரை, காண்டீன் பில்லின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதப்பட்டது. சாம்பார் பட்டு நடுப்பகுதி சிதைந்துவிட்டது. எஞ்சிய சொற்கள் எட்டும் வசை. சிதைந்த இடத்தை ஊகித்து நிரப்பி ஒரு பதிப்பும், அந்த ஊகத்தைக் கண்டித்து இரு பதிப்புகளும், கண்டனத்துக்கு மறுப்பாக ஒரு விழா மலரும் வந்துள்ளன. சூத்திரம் செய்தவர், உரைகாரர்கள், பதிப்பாசிரியர்கள் அனைவரும் நாமே. ஒருவரையொருவர் மேற்கோள் காட்டிக்கொண்டதில் எல்லோர் மதிப்பும் உயர்ந்திருக்கிறது. ஆய்வுலகம் அறியாத முறையல்ல.

இனிப் புள்ளி. இக்கட்டுரை எழுதப்பட்டதே இதற்காகத்தான்.

கட்டாயப் பெட்டியில் மனிதர்கள் என்ன எழுதுகிறார்கள்? புள்ளி வைக்கிறார்கள். பழைய ஓலைச்சுவடிகளில் எழுத்தாணி பட்டு ஓலை கிழியும் என்று புள்ளியை விட்டுவிட்டு எழுதினார்கள். மெய் எது, உயிர்மெய் எது என்று தேடி உ.வே.சாமிநாதையர் போன்றவர்கள் கண் பூத்துப்போனார்கள். அவர்களுக்குக் கிடைத்தது புள்ளியில்லாத எழுத்து. வருங்காலப் பதிப்பாசிரியருக்கு நாம் விட்டுச்செல்வது எழுத்தில்லாத புள்ளி.

இதிலும் மரபுகள் உண்டு. ஒற்றைப் புள்ளி வைப்போர் மூத்த பொறியாளர்கள், சிக்கனம். மூன்று புள்ளி வைப்போருக்குச் சொல்ல ஏதோ இருக்கிறது, சொல்லமாட்டார்கள். சிறு கோடு போடுவோர் ஆடிட்டர் வீட்டுப் பிள்ளைகள். 'என்.ஏ.' என்போர் சட்டம் அறிந்தவர்கள். குறைந்தது இருபது எழுத்து வேண்டும் என்று ஓர் அட்மின் சட்டம் போட்டார். இருபது புள்ளிகள் வந்தன. புள்ளி செல்லாது என்றார். கீபோர்டில் இடக்கை விரல்கள் ஓய்ந்து கிடக்கும் வரிசை அப்படியே வந்தது: ஏ, எஸ், டி, எஃப். சிந்துவெளி முத்திரைகளைப் படித்து முடித்துவிட்டதாக அறிவிக்கும் அறிஞர்கள் இதையும் எடுத்துக்கொள்ளலாம். வலமிருந்து படித்தாலும் பொருள் மாறாது.

புள்ளி வைப்பவர் சோம்பேறி அல்லர். பக் பதிவாகும் நாளிலேயே 'மூலக்காரணம்' கட்டாயம் என்றால் அவர் என்ன செய்வார்? அப்போது நிரலை யாரும் திறந்தே பார்த்திருக்கமாட்டார்கள். பெட்டியைக் கேட்டவர் அறிக்கை தயாரிப்பவர், நிரப்புகிறவர் வேறொருவர். அறிக்கையில் மூலக்காரணப் புலம் நூற்றுக்கு நூறு நிரம்பியிருக்கும். பட்டை வரைபடமும் உண்டு. அதில் ஆக உயரமான பட்டை, புள்ளிக்குரியது.

ஆய்வின் முடிபு வருமாறு. பக்குக்கு மறுபடி நிகழ்த்தும் படிகள், பிரௌசர், ரிலீஸ் எண். ஸ்டோரிக்கு, யாருக்காக, என்ன நடந்தால் முடிந்ததாகக் கொள்வது. சார்ஜருக்கு சீட் எண். மூலக்காரணத்தை டிக்கெட்டை மூடும்போது கேட்கலாம். நிலை மாறும் இடத்தில் தனித்திரை வைக்க ஜிராவிலேயே வழி இருக்கிறது. அட்மின்கள் தங்கள் கட்டாயப் புலங்களில் கடைசிக் காலாண்டில் யாராவது படித்தவை எவை என்று பார்த்து, மற்றவற்றின் நட்சத்திரத்தை இந்த வாரமே எடுத்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். ஒரு மாதம் யாரும் தேடவில்லை என்றால் புலத்தையும் எடுத்துவிடுங்கள். தேடுகிறவர் டிக்கெட் போடட்டும்.