ஜாமீன் இல்லாத கையெழுத்து

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியைக்கூட யாரும் வாய்ச்சொல்லை நம்பி எரிப்பதில்லை. ஈரம் எவ்வளவு, சாம்பல் எவ்வளவு, வெப்பம் எவ்வளவு என்று பார்த்த பிறகுதான் கணக்கு. "இந்தக் கரியை எனக்குப் பத்து வருஷமாகத் தெரியும், தங்கமான கரி" என்று சுரங்கத்திலிருந்து யாரும் லெட்டர் கொடுத்தனுப்புவதில்லை.

டாக்டராகப் போகும் பிள்ளைக்கு மட்டும் சிபாரிசு லெட்டர் தேடி அலைகிறோம். கலந்தாய்வில் கிடைக்காத சீட்டுக்கு, ஃபீஸ் குறைப்புக்கு, வெளிநாட்டுப் பயிற்சிக்கு.

அந்த லெட்டர் பிறக்கும் அழகே தனி. அப்பா ஒரு சால்வையோடு ஏதாவது ஒரு தலைவரிடம் போவார். கடிதம் கம்ப்யூட்டரில் தயாராக இருக்கும். பெயருக்கு மட்டும் இடம் காலி. 'இவரை நான் நன்கு அறிவேன்.' கையெழுத்துப் போட்டபடியே தலைவர் கேட்பார்: "பையன் பேர் என்னன்னு சொன்னீங்க?"

எல்லாப் பிள்ளையும் உழைப்பாளி. எல்லாப் பிள்ளையும் பண்பாளர். அமெரிக்கப் பேராசிரியர்கள் எழுதும் கடிதங்களிலும் இதே பாட்டுதான். பேனா மட்டும் விலை கூட.

அரசு மட்டும் என்ன வாழ்ந்தது? 1970-71இல் தமிழ்நாட்டு எம்.பி.பி.எஸ். சேர்க்கையில் 275 மதிப்பெண்ணில் 75 நேர்முகத்துக்கு. ஆளுக்குச் சராசரி மூன்று நிமிடம். மூன்று நிமிடத்தில் இட்லி வேகாது, டாக்டர் வெந்துவிட்டார். அதை எதிர்த்து வந்த பெரியகருப்பன் வழக்கில் உச்ச நீதிமன்றமே 75 அதிகம் என்றது. 1984இல் நுழைவுத் தேர்வு வந்தது, 2007இல் போனது, பிறகு நீட் வந்தது. நீட்டை ஆதரித்தவர்கள் தகுதி, தகுதி என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். 2023 செப்டம்பரில் முதுநிலை மருத்துவ இடங்கள் காலியாகக் கிடந்தன. உடனே முதுநிலை நீட்டில் தகுதி பர்சென்டைல் பூஜ்யம்!

வேலூர் சி.எம்.சி.யில் திருச்சபைகளின் பரிந்துரை உண்டு. அதையும் கேலி செய்யத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை. அந்தக் கடிதத்துக்குப் பின்னால் ஒரு கடன் இருக்கிறது: படித்து முடித்ததும் சபை காட்டும் மருத்துவமனையில் வேலை பார்க்க வேண்டும். பரிந்துரைத்தவர் அந்த டாக்டரிடமே வைத்தியத்துக்குப் போக நேரலாம். அந்தப் பயம் கொஞ்சமாவது பேனாவைப் பிடித்து நிறுத்தும்.

சொசைட்டி லோன் வாங்கியவர்களுக்கு இந்தப் பயம் புரியும். ஜாமீன் கையெழுத்து வேண்டும். கடன்காரர் கட்டாவிட்டால் ஜாமீன்காரர் சம்பளத்தில் பிடிப்பார்கள். அந்தக் கையெழுத்தைக் கேட்டுப் பாருங்கள். நேற்று வரை மச்சான் என்றவர் இன்று நைட் ஷிப்ட் என்பார். ஐம்பதாயிரம் ரூபாய்க்கு அவ்வளவு யோசனை. நம் வயிற்றைக் கிழிக்கப் போகிறவருக்குச் சிபாரிசு என்றால் யோசனையே கிடையாது. பிடிக்கத்தான் சம்பளம் இல்லையே!

லெட்டர் கொடுக்கும் ஐயாக்களே, 'நன்கு அறிவேன்' என்பதற்குக் கீழே இன்னும் ஒரு வரி சேருங்கள்: 'எனக்கு ஆபரேஷன் என்றால் இவரிடம்தான் படுப்பேன்.' அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.