‘சிறு ஜெபம்’: நீளமும் இலக்கணமும்

ஆய்வுப் பரப்பை முதலில் சுருக்கிக்கொள்ள வேண்டும். 1706 ஜூலை 9 அன்று சீகன்பால்கும் புளுட்சோவும் தரங்கம்பாடியில் கரையிறங்கியது முதல் மிஷன் பள்ளிகள் தமிழருக்குச் செய்த நன்மை தீமைகளைப் பற்றி அறிஞர்கள் அலமாரி அலமாரியாக எழுதி வைத்திருக்கிறார்கள். இக்கட்டுரை அந்த அலமாரிகளின் பக்கமே போகாது. ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் பெற்றோரை ஹாலுக்கு அழைத்து வரவேற்கிறார்கள் அல்லவா? அப்போது தலைமையாசிரியை மைக்கை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, “ஒரு சிறு ஜெபத்தோடு ஆரம்பிப்போம்” என்கிறார். அந்த வாக்கியத்தில் உள்ள ‘சிறு’ என்ற அடைமொழிதான் நம் ஆய்வுப்பொருள்.

களம் பாளையங்கோட்டை. தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று அந்த ஊருக்கு ஒரு பட்டம் உண்டு. ஆக்ஸ்போர்டுக்காரர்கள் யாரும் தங்கள் ஊரை மேலைநாட்டுப் பாளையங்கோட்டை என்று சொல்லிக்கொள்வதாகத் தெரியவில்லை. அது அவர்கள் பாடு. ஆய்வாளரின் தகுதியையும் சொல்லிவிடுகிறேன். நெற்றியில் திருநீற்றோடு ஐந்து வயதில் அங்கே ஒரு மிஷன் பள்ளியில் சேர்க்கப்பட்டேன். முப்பது வருடம் கழித்து என் மகளைச் சேர்க்க அதே ஹாலில் போய் உட்கார்ந்தேன். மின்விசிறியும் அதேதான் என்பது என் ஊகம். சத்தத்தில் மாற்றமில்லை.

சபைப் பிரிவினை பற்றி ஒரு சொல். வாசலில் ‘செபம்’ என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் அது கத்தோலிக்கப் பள்ளி. ‘ஜெபம்’ என்றிருந்தால் சீர்திருத்தச் சபைப் பள்ளி. வேறுபாடு எழுத்தோடு நிற்பதில்லை. கத்தோலிக்கரின் செபங்களில் பெரும்பாலானவை முன்பே எழுதப்பட்டவை. மங்கள வார்த்தை செபத்தைச் சிஸ்டர் எவ்வளவு உருக்கமாகச் சொன்னாலும் அது ஓர் அளவுக்கு மேல் நீளாது. மேலும், தொடங்கும்போதும் முடிக்கும்போதும் நெற்றி, மார்பு, இரு தோள்கள் என்று கையால் சிலுவை வரைந்துகொள்வதால், எங்கே ஆரம்பம் எங்கே முடிவு என்பது கடைசி வரிசைக்குக்கூடத் தெரிந்துவிடுகிறது. சீர்திருத்தச் சபைகளில் இந்த வசதி இல்லை. அங்கே ஜெபம் அந்தந்த நேரத்தில் மனத்தில் ஊறி வருவது. ஊற்றுக்கு மடை கிடையாது. ஆகவே ‘சிறு’ என்ற சொல்லின் பொருள் வளர்ச்சியை ஆராய நமக்குத் தோதான இடம் சி.எஸ்.ஐ. பள்ளிதான்.

சேகர குருவானவர் எழுந்து வருகிறார். முதலில், விடுமுறை நாட்களில் எல்லாரையும் காத்ததற்காக நன்றி. பிறகு புதிய கல்வியாண்டைக் காணச் செய்த கிருபைக்காக. வெயிலால் பள்ளித் திறப்பு தள்ளிப்போகும் ஆண்டுகளில் (2024-இல் ஜூன் 10 வரை தள்ளிப்போனது) வெயிலுக்கென்று தனியாக ஒரு வரி கூடுகிறது. குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டால் அதற்கும் ஒரு வரி. அப்புறம் தாளாளர், தலைமையாசிரியை, ஆசிரியர்கள், அலுவலகப் பணியாளர்கள், சத்துணவு சமைக்கிறவர்கள், வேன் ஓட்டுநர்கள், நாட்டை ஆளுகிறவர்கள் என்று அதே வரிசையில் வருவார்கள். நாட்டை ஆளுகிறவர்கள் வேன் ஓட்டுநர்களுக்குப் பின்னால் வருவதில் ஆழ்ந்த அரசியல் தத்துவம் ஏதோ இருக்கிறது. அதை வேறொரு ஆய்வாளருக்கு விட்டுவிடுகிறேன்.

இந்த இடத்தில்தான் ஆய்வு சூடு பிடிக்கிறது. “கடந்த ஆண்டு பத்தாம் வகுப்பிலே நூற்றுக்கு நூறு தேர்ச்சியைக் கட்டளையிட்டீரே, ஸ்தோத்திரம்” என்று ஐயா சொல்லும்போது, கட்டளையிட்டவருக்கே கட்டளையின் விவரம் தெரிவிக்கப்படுகிறது. “பாதியிலே நிற்கிற புதிய கட்டடத்தின் தேவைகளை நீரே அறிந்திருக்கிறீர்” என்பதும் அப்படித்தான். அவர் அறிந்திருக்கிறார் என்று சொல்லிவிட்டு, எத்தனை வகுப்பறை, எத்தனை கழிப்பறை, கம்பி விலை என்ன ஏற்றம் என்பதையும் விளக்குவார். முகவரி பரலோகம், ஆனால் கடிதத்தைப் பிரித்துப் படிப்பது மூன்றாவது வரிசையில் இருக்கும் ஜவுளிக்கடை அண்ணாச்சி. பள்ளி நிர்வாகம் பெற்றோருக்கு அனுப்பும் சுற்றறிக்கைகளிலேயே இதைத்தான் யாரும் கிழித்தெறிய முடியாது. “பிள்ளைகள் நேரத்திற்கு வரவும், கருப்பு ஷூ அணிந்து வரவும் பெற்றோருக்கு ஞானத்தைத் தாரும்” என்று ஒரு வருடம் கேட்டேன். அந்த ஞானம் எனக்கு அடுத்த நாளே கிடைத்தது. ஷூ எண்ணூற்றைம்பது ரூபாய்.

நீளத்தை நிமிடக் கணக்கில் தரவில்லையே என்று கேட்பவர்களுக்கு: ஜெபத்தின்போது கைக்கடிகாரத்தைப் பார்க்கக் கண்ணைத் திறக்க வேண்டும். ஆகவே நம்பத்தக்க அளவீடு எதுவும் இருக்க வழியில்லை. பொய்முடிவு என்று ஒன்று இருப்பதை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும். குரல் தணிகிறது, “இறுதியாக ஆண்டவரே” என்ற சொல் வருகிறது, நாற்காலிகள் கிரீச்சிடத் தொடங்குகின்றன, பெண்கள் கைப்பையை எடுக்கிறார்கள். அப்போதுதான் ஐயாவுக்கு இரவுக் காவலாளியின் நினைவு வரும். ஒரே ஜெபத்தில் மூன்று பொய்முடிவுகளைக் கண்டவன் நான்.

கண் விஷயம் நுட்பமானது. கிறிஸ்தவர்கள் கண்ணை மூடித் தலையைக் கவிழ்த்துக்கொள்கிறார்கள். மேலப்பாளையத்திலிருந்து வந்திருக்கும் வாப்பா இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து மடியில் வைத்துக்கொள்கிறார். எங்களைப் போன்றவர்களின் நிலைதான் சிக்கல். கோவிலில் நாங்கள் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டுதான் கும்பிடுகிறோம். தீபாராதனை நேரத்தில் கண்ணை மூடினால் வந்ததே வீண். பார்க்க எதுவும் இல்லாத இடத்தில் பார்க்காமல் இருப்பது எப்படி என்பது எங்களுக்குக் கற்பிக்கப்படவில்லை. என் ஆச்சி இதற்கு ஒரு சமரசம் கண்டிருந்தாள். மிஷன் ஹாலில் கண்ணை மூடிக்கொண்டே கையைத் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிடுவாள். நான் சுற்றுமுற்றும் பார்த்தால், “சாமிகிட்ட பேசுதாவ. கண்ண மூடுல” என்பாள். அவள் கண்ணும் மூடித்தான் இருந்தது. என் கண் திறந்திருப்பது எப்படித் தெரிந்தது என்ற கேள்வி இன்றுவரை விடை காணப்படாமலே கிடக்கிறது.

யார் கண் திறந்திருக்கிறது என்று சாட்சி சொல்ல உள்ளே இருக்கும் எவருக்கும் தகுதியில்லை. ஆய்வு முறையியலின்படி, கண்ணைத் திறந்தே வைத்திருக்க வேண்டும் என்று சம்பளம் கொடுத்து நியமிக்கப்பட்ட ஒரே ஆள் வாட்ச்மேன்தான். அவரிடம் விசாரித்தேன்.

“முன்னால இருக்கவங்க மூடித்தான் சார் இருப்பாவ. வாசப்பக்கம் இருக்கவங்க பூராவும் செருப்பத்தான் பாப்பாவ.”

ஹாலுக்குள் செருப்போடு வரலாம் என்று பள்ளி எவ்வளவு சொன்னாலும் கிராமத்திலிருந்து வருகிறவர்கள் படிக்கட்டிலேயே கழற்றிவிடுவார்கள். சாமி பெயர் சொல்லப்படும் இடத்தில் செருப்போடு இருக்க அவர்களுக்குக் கூச்சம். அதனால் பக்தியின் காரணமாகக் கழற்றிய செருப்பே பக்திக்கு இடையூறாகிறது.

இந்தக் கண்மூடல் விதி எல்லாப் பள்ளிக்கும் பொதுவென்று நினைத்திருந்தேன். அதைப் பாளையங்கோட்டையே உடைத்தது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஃபுளோரன்ஸ் ஸ்வெயின்சன் என்ற மிஷனரி அம்மையார் காது கேளாத பிள்ளைகளுக்காக அங்கே தொடங்கிய பள்ளி இன்றும் இருக்கிறது. சைகையில் ஜெபிக்கிற இடத்தில் கண்ணை மூடினால் ஜெபம் காதில் விழாது. அங்கே பக்தி என்றால் கண்ணைத் திறந்து வைத்திருப்பது. நான் பிள்ளைப் பருவத்தில் வாங்கிய குட்டுகளுக்கெல்லாம் அந்தப் பள்ளியின் பெயரைச் சொல்லி மேல்முறையீடு செய்திருக்கலாம். அப்போது தெரியாமல் போயிற்று.

சட்டம் என்ன சொல்கிறது? அரசியலமைப்பின் 28(3) பிரிவு, அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெற்ற கல்வி நிறுவனத்தில் பயிலும் எவரையும் அவர் சம்மதமின்றி, சிறுவராயின் பாதுகாவலரின் சம்மதமின்றி, சமய வழிபாட்டில் கலந்துகொள்ளச் சொல்லக் கூடாது என்கிறது. கவனிக்க: பயில்பவர். அவரைக் கொண்டுவந்து விடுபவருக்கு இந்தப் பிரிவில் பாதுகாப்பு எதுவும் இல்லை. பிள்ளையின் சார்பில் மறுக்கும் உரிமை தகப்பனுக்கு உண்டு. தன் சார்பில் மறுக்க வேண்டுமானால் தகப்பன் முதலில் எல்.கே.ஜி.யில் சேர வேண்டும். முன்னுதாரணம் ஒன்றும் இருக்கிறது. கேரளத்தில் தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்று, ஆனால் பாடாமல் இருந்த மூன்று பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கியது தவறு என்று 1986-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தப் பிள்ளைகள் யெகோவா சாட்சிகள் சபையைச் சேர்ந்தவர்கள். எழுந்து நின்றால் போதும், பாட வேண்டியதில்லை என்றால், உட்கார்ந்திருந்தால் போதும், மூட வேண்டியதில்லை என்றும் வாதிடலாம். ஆனால் ஹாலில் யாரும் வாதிடுவதில்லை. அட்மிஷன் அப்போதுதான் கிடைத்திருக்கிறது.

இனி இலக்கணம். இந்த மண்ணுக்கு வந்த மிஷனரிகளுக்கு இலக்கணப் பித்து அதிகம். 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் ஒரு தமிழ் இலக்கணம் எழுதினார். இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் 1856-இல் வெளிவந்தது. ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக இருப்பது திராவிட மொழிகளில் இரண்டாகப் பிரிவதை அவர் விளக்கியிருக்கிறார். ‘நாம்’ என்றால் கேட்பவரும் சேர்த்தி. ‘நாங்கள்’ என்றால் கேட்பவர் நீங்கலாக. புதிதாகத் தமிழ் கற்ற வெள்ளைக்காரப் போதகருக்கு இதில் எவ்வளவு பெரிய குழி இருக்கிறது பாருங்கள். கடவுளைப் பார்த்து “நாங்கள் பாவிகள்” என்றால் அது மனந்திரும்புதல். “நாம் பாவிகள்” என்று வாய் தவறினால் கடவுளையும் பட்டியலில் சேர்த்ததாகிவிடும்.

ஆகவே தமிழில் ஜெபம் முழுக்க ‘நாங்கள்’தான், ‘எங்கள்’தான். யோசித்துப் பார்த்தால் இதற்கு ஒரு வினோதமான விளைவு உண்டு. ஜெபத்தைக் கேட்பவர் கடவுள். அதனால் அந்த ‘நாங்கள்’ வெளியே நிறுத்துவது அவர் ஒருவரைத்தான். மீதிப் பேர் எல்லாரும் உள்ளே: கைதூக்கிக் கும்பிடும் ஆச்சி, உள்ளங்கை விரித்த வாப்பா, கம்பி விலை கேட்டு மிரண்ட அண்ணாச்சி, செருப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும் வாசல்பக்கத்தார், வாட்ச்மேன். “எங்கள் பிள்ளைகளைக் காத்தருளும்” என்னும்போது என் மகள் சேகர குருவானவருக்கும் பிள்ளையாகிவிடுகிறாள். யாரையும் கேட்காமல் இப்படிச் சேர்த்துக்கொள்வது பிடிக்காதவர்களும் உண்டு. அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. பக்கத்து நாற்காலிக்காரர் ஒருவர் ஜெபம் முழுக்கக் கைகட்டி நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார். ஆனால் இலக்கணம் அவரையும் விடவில்லை.

ஜெபம் முடிந்ததும் தலைமையாசிரியை வரவேற்புரைக்கு எழுகிறார். “எங்கள் பள்ளிக்கு உங்கள் அனைவரையும் அன்போடு வரவேற்கிறோம்.” கேட்பவர் மாறிவிட்டார். இப்போது கேட்பவர்கள் நாங்கள். எனவே ‘எங்கள் பள்ளி’ என்ற சொல் எங்கள் எல்லாரையும் ஒரே வீச்சில் கேட்டுக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்துகிறது. ஜெபம் முழுக்க உள்ளே இருந்தவர்களை வரவேற்புரைதான் வெளியேற்றுகிறது! அதன் பிறகு கட்டணம், சீருடை, காலதாமதம், கைப்பேசிக்குத் தடை எல்லாம் ‘எங்கள் விதிமுறைகள்’. பிள்ளை விஷயத்திலும் இந்தச் சொல்லாட்சி தெளிவானது. வீட்டுப்பாடம் எழுதாவிட்டால் “உங்க பிள்ளை”. மாவட்ட அளவில் கோ-கோவில் ஜெயித்துவிட்டால் “நம்ம பிள்ளை”.

இவ்விடத்தில் ஆய்வாளர் தன் முந்தைய நிலைப்பாட்டை மாற்றிக்கொள்கிறார். ஜெபம் நீளமாக இருக்கிறது என்பது இத்தனை வருடமாக என் குறையாக இருந்தது. வரவேற்பு என்று உண்மையில் நடப்பது அந்த நேரத்தில்தான் என்றால், ‘சிறு’ என்பது நீளத்தைக் குறிக்கும் அடைமொழியே அல்ல, எழுந்து வருகிறவரின் பணிவைக் குறிப்பது என்றுதான் கொள்ள வேண்டும். விருந்துக்குக் கூப்பிடும்போது “ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க” என்கிறோமே, அந்த ‘ஒரு வாய்’ போல. யாரும் ஒரு வாயோடு எழுந்ததில்லை. எழ விட்டதும் இல்லை.

கூட்டத்தின் கடைசியில் நன்றியுரை சொன்ன ஆசிரியர் மைக்கை வைக்கப் போனவர், மறுபடி எடுத்தார்.

“ஒரு சிறு ஜெபத்தோடு முடித்துக்கொள்வோம்.”

மகள் என் சட்டையை இழுத்தாள். “அப்பா, மறுபடியும் மூடணுமா?”

“மூடு.”

நானும் மூடினேன். செருப்பு புதுசு என்பதால் ஒரு கண்ணை மட்டும்.