பயர்வால் கையேட்டில் பிழை திருத்துவது எப்படி?

எல்லையோரத்தில் வளர்ந்தவர்களுக்குப் பிழை பார்க்கும் புத்தியும் சேர்ந்தே வளர்ந்துவிடுகிறது. மீனாட்சிபுரத்தில் பொள்ளாச்சி பஸ்ஸுக்கு நிற்கும்போது வாசிக்கக் கிடைப்பவை பெயர்ப்பலகைகள்தான். பாதி மலையாளம், மீதி மலையாளம் நன்றாகத் தெரிந்தவர் எழுதிய தமிழ். விட்டுப்போன ஒற்றை மனதுக்குள் வைத்து, இடம் மாறிய றகரத்தைத் தள்ளி உட்காரவைத்து, பஸ் வருவதற்குள் ஒரு பலகையையாவது சுத்தம் செய்துவிடுவோம். இந்தத் திறமை வீணாகிறதே என்று வருந்துகிறவர்களுக்கு நல்ல செய்தி. பயர்வால் மென்பொருள்களின் கையேடுகளை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பொறியாளர்கள். திருத்த ஆள் போதாது. கூலி கிடையாது. நீங்கள் தாராளமாக இறங்கலாம்.

பயர்வால் என்றால் என்ன என்று மற்ற ஊர்க்காரர்களுக்குத்தான் பாடம் எடுக்க வேண்டும். நமக்கு செக்போஸ்ட் போதும். ஓணம் நெருங்கினால் தமிழ்நாட்டிலிருந்து வரும் பால் வண்டியை ஓரங்கட்டி மாதிரி எடுப்பார்கள். கலால் துறைக்காரர் வேறு ஒன்றைத் தேடுவார். மோட்டார் வாகனத் துறைக்காரர் பர்மிட் கேட்பார். பயர்வாலும் இப்படித்தான் ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு, வரும் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தையும் ‘எங்கிருந்து, எங்கே, எந்த வாசல் (போர்ட்)’ என்று விசாரிக்கிறது. வித்தியாசம் ஒன்றுண்டு. 2017 ஜூலை 1ஆம் தேதி ஜிஎஸ்டி வந்ததும் வணிகவரிச் சாவடிகளின் வேலை முடிந்துபோனது. பயர்வாலில் ஒருமுறை எழுதிய விதி, எழுதியவர் ஓய்வு பெற்ற பிறகும் வேலை பார்க்கும்.

வேலையைத் தொடங்கும்போது கையேட்டை வேர்டில் தட்டச்சு செய்யுங்கள். நீங்கள் பிழை தேடுவதற்கு முன்பே அது திருத்த ஆரம்பித்துவிடும். லினக்ஸின் பயர்வாலான ஐபிடேபிள்ஸில் கட்டளை எழுதும்போது, வாசல் எண்ணுக்கு முன்னால் நிற்கும் விருப்பச் சொல்லோடு இரண்டு சிறு கோடுகள் ஒட்டி வரும். வேர்டுக்கு அது அநாகரிகம். இரண்டையும் சேர்த்து அழகான ஒரே நீளக் கோடாக்கிவிடும். நேராக நின்ற மேற்கோள் குறிகளை வளைத்தும் விடும். அச்சில் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். அதை நகலெடுத்துக் கறுப்புத் திரையில் ஒட்டுகிறவருக்கு ‘தவறான ஆர்க்யுமென்ட்’ என்று பதில் வரும். இரண்டு கோட்டுக்கும் ஒரு கோட்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் அவர் ராத்திரி முழுக்கத் திரையை முறைத்துக்கொண்டிருப்பார். கையேட்டில் எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை என்ற நிம்மதியில் நீங்கள் தூங்கலாம்.

அடுத்தது ஆச்சரியக்குறி. தொழில்நுட்ப நூலில் எதற்கு இத்தனை பரவசம் என்று உங்களுக்குத் தோன்றும். ஐபிடேபிள்ஸில் ஆச்சரியக்குறிக்கு ‘தவிர’ என்று பொருள். ‘அலுவலக முகவரி தவிர மற்ற எல்லோரையும் தடு’ என்ற விதியில் அந்தக் குறியை நீக்கினால், அலுவலகத்தை மட்டும் தடுத்துவிட்டு ஊரையே உள்ளே விடும். இந்த விஷயத்தில் உண்மையான இலக்கணத் திருத்தம் ஒன்றும் நடந்திருக்கிறது. பழைய நாட்களில் குறியை முகவரிக்கு முன்னால், நடுவில் செருகலாம். பிறகு அதெல்லாம் ஆகாது, விருப்பச் சொல்லுக்கும் முன்னால்தான் வர வேண்டும் என்று மாற்றினார்கள். பழைய முறையில் எழுதினால் எச்சரிக்கை வந்தது. பழைய கையேடுகளில் இன்னும் நடுவில்தான் நின்றுகொண்டிருக்கிறது. பண்டிதர்கள் கை வைக்க வேண்டிய இடம் இது. ஆனால் கண்ணுக்குப் பிழையாகத் தெரியாததால் இங்கே யாரும் வருவதில்லை.

பெரிய எழுத்து, சின்ன எழுத்து விவகாரத்துக்கும் வருவோம். தமிழில் அந்தத் தொல்லை இல்லை என்பதால் ஆங்கிலத்தில் அதைக் கண்டாலே நமக்கு ஒழுங்குபடுத்தத் தோன்றும். ஐபிடேபிள்ஸில் சின்ன எழுத்தில் ‘மார்க்’ என்றால் பொட்டலத்தில் அடையாளம் இருக்கிறதா என்று பார்ப்பது. பெரிய எழுத்தில் ‘மார்க்’ என்றால் அடையாளம் போடுவது. லினக்ஸ் கெர்னலின் மூல நிரலில் இப்படி எழுத்தளவில் மட்டும் வேறுபடும் கோப்புகளே இருக்கின்றன. விண்டோஸ் கணினியில் இறக்கினால் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்துகொள்ளும். நீங்கள் எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்கினால் விண்டோஸ் மட்டும் சந்தோஷப்படும்.

உலாவி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று சொல்லும் ‘ரெஃபரர்’ என்ற ஆங்கிலச் சொல்லில் ஓர் எழுத்து குறைவதைப் பார்த்துத் துள்ளாதீர்கள். 1996இல் ஆர்எஃப்சி 1945 என்ற இணைய நெறிமுறை ஆவணத்திலேயே அப்படித்தான் அச்சாகி, உலகத்து உலாவிகள் எல்லாம் அந்தப் பிழையோடுதான் பேசிக்கொள்கின்றன. திருத்தினால் யாருக்கும் புரியாது. அதே போல ‘வேண்டும்’ என்று இருப்பதை ‘நல்லது’ என்று மென்மையாக்குவதும், ‘செய்யலாம்’ என்பதை விறைப்பாக்குவதும் ஆகாது. எந்தச் சொல் கட்டளை, எது யோசனை, எது விருப்பம் என்று 1997இல் ஆர்எஃப்சி 2119 என்றே தனியாக எழுதிவைத்தார்கள். இருபது ஆண்டு கழித்து, பெரிய எழுத்தில் இருந்தால்தான் அந்தப் பொருள் என்று இன்னோர் ஆவணம் போட வேண்டி வந்தது. திருத்துகிறவர்கள் சும்மா இருந்திருக்க மாட்டார்கள் என்பது என் ஊகம்.

தெளிவுபடுத்துகிறேன் பேர்வழி என்று ஒரு வாக்கியம் சேர்த்தால் என்ன ஆகும் என்பதற்கு ஐபிஃபில்டர் கதையைத் தெரிந்துகொள்வது அவசியம். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டாரன் ரீட் எழுதிய பயர்வால் அது. ஓபன்பிஎஸ்டி இயங்குதளத்தில் அதுதான் காவலுக்கு நின்றது. அதன் உரிமக் குறிப்பு ‘பயன்படுத்தலாம், விநியோகிக்கலாம்’ என்றது. ‘மாற்றியும் மாற்றாமலும்’ என்று பிஎஸ்டி உரிமங்களில் வழக்கமாக வரும் சொற்கள் மட்டும் அதில் இல்லை. யாருக்கும் அது உறுத்தவில்லை. மாற்றலாம் என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். 2001 மே மாதம் ரீட் சந்தேகத்துக்கு இடம் வேண்டாம் என்று ஒரு வரி சேர்த்தார். தன் முன் அனுமதி இல்லாமல் மாற்றிய வடிவங்களுக்கு இடமில்லை என்பது அதன் சாரம். அவர் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை, அவருடைய நிரல் அது. ஆனால் ஓபன்பிஎஸ்டிக்காரர்கள் உரிமத்தை வரி வரியாக வாசிக்கிற கூட்டம். கையேட்டில் தவறு இருந்தால் அதையும் நிரல் பிழையாகவே எண்ணுகிறவர்கள். அந்த மாதம் முடிவதற்குள் பயர்வாலையே தூக்கி வெளியே வைத்துவிட்டார்கள். காவலில்லாத வீட்டுக்கு சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த டேனியல் ஹார்ட்மெயர் பிஎஃப் என்று புதிதாக ஒன்றை எழுத ஆரம்பித்தார். டிசம்பரில் ஓபன்பிஎஸ்டி 3.0 அதோடு வெளிவந்தது. பிறகு அது ஃப்ரீபிஎஸ்டிக்குப் போனது, பிஎஃப்சென்ஸ் என்ற பயர்வாலுக்குள் போனது, ஆப்பிள் கணினிகளுக்குள்ளும் போய் உட்கார்ந்தது. ஒரு வரி விளக்கத்துக்கு இவ்வளவு விளைச்சல் வேறெங்கும் கண்டதில்லை.

அந்த பிஎஃப்பின் கையேட்டைத் திருத்த ஆசை வந்தால், விதிகளை அகர வரிசையில் அடுக்கிப் பாருங்கள். ஐபிடேபிள்ஸ் மேலிருந்து படித்து, பொருந்தும் முதல் விதியிலேயே தடுக்கவோ விடவோ தீர்மானித்துவிடும். பிஎஃப் கடைசிவரை படித்து, கடைசியாகப் பொருந்தியதைத்தான் கேட்கும். நடுவிலேயே நிறுத்த ‘க்விக்’ என்று சொல்ல வேண்டும். ஒன்றில் தலைமை அதிகாரி வாசலில் நிற்கிறார், மற்றதில் வெளியேறும் இடத்தில் நிற்கிறார். வரிசை மாறினால் எழுத்துப்பிழை ஒன்றுமிராது, பால் வண்டி மட்டும் பாலக்காடு போய்ச் சேர்ந்திருக்கும்.

உண்மையில் உயிரை வாங்குகிற பிழைகள் இப்படி இலக்கண சுத்தமான வாக்கியங்களில்தான் இருக்கின்றன. கேரளப் பள்ளிக் கணினிகளில் கைட் நிறுவனம் தருவது உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட இயங்குதளம். உபுண்டுவில் 2008 முதல் யூஎஃப்டபிள்யூ என்ற எளிய பயர்வால் இருக்கிறது. நாமாக எழுப்பும்வரை அது தூங்கும். தொலைவில் உள்ள சர்வரில் அதை இயக்குவதற்கு இரண்டு வாக்கியம் போதும்: நாம் உள்ளே நுழையும் 22ஆம் வாசலைத் திற, பயர்வாலை எழுப்பு. இதையே ‘பயர்வாலை எழுப்பு, 22ஆம் வாசலைத் திற’ என்று ஒருவர் எழுதினால் ஒற்றுப்பிழை, எழுவாய் பயனிலைப் பிழை எதுவும் கிடையாது. ஆனால் முதல் வரியை நிறைவேற்றிய பிறகு, ஒருமுறை இணைப்பு அறுந்தால் மறுபடி உள்ளே போக வாசல் இல்லை. இப்போதுள்ள இணைப்புகள் அறுபடலாம் என்று அந்த மென்பொருளே ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கும். யார் படிக்கிறார்கள்? சர்வர் கொச்சியில் இருந்தால், மீனாட்சிபுரத்திலிருந்து பாலக்காட்டுக்கு பஸ், அங்கிருந்து ரயில், போய் விசைப்பலகை செருகித் திருத்த வேண்டும்.

திருத்தியாயிற்று, இனி அனுப்ப வேண்டும். இதற்கு இந்தியாவில் ஒரு நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. டிஜிட்டல்ஓஷன் நிறுவனம் நடத்தும் ஹேக்டோபர்ஃபெஸ்டில், அக்டோபர் மாதத்தில் நான்கு திருத்தங்கள் அனுப்பினால் டி-ஷர்ட் என்றார்கள். 2020இல் நம் நாட்டு யூடியூப் வீடியோ ஒன்று எவ்வளவு சுலபம் பாருங்கள் என்று செய்து காட்டியது. ‘ஆவணத்தை மேம்படுத்தினேன்’ என்ற தலைப்பில், முதல் பக்கத்தில் ‘அருமையான திட்டம்’ என்று இரண்டு சொல் சேர்த்த திருத்தங்கள் உலகத்து மென்பொருள் கிடங்குகளில் வந்து குவிந்தன. அக்டோபர் முதல் வாரத்திலேயே, விரும்பிச் சேரும் திட்டங்களுக்கு அனுப்புவது மட்டும்தான் கணக்கு என்று விதியை மாற்ற வேண்டியதாயிற்று. ஆகவே டி-ஷர்ட் ஆசை இருந்தால் பொள்ளாச்சிக் கடைவீதியில் வாங்கிக்கொள்வது மரியாதை.

ஒரு கடிதத்தில் ஒரு பிழை மட்டும் சுட்டுங்கள். காற்புள்ளியையும் வாசல் எண்ணையும் ஒன்றாகக் கட்டி அனுப்பினால், பராமரிப்பவர் காற்புள்ளியைப் பற்றிப் பதினைந்து பேரோடு விவாதித்து, எண்ணை மறந்துவிடுவார். பதில் இரண்டு விதமாக வரும். பயர்வாலில் ‘ரிஜெக்ட்’ என்றால் பொட்டலத்தைத் திருப்பி, ‘வரக் கூடாது’ என்று சொல்லி அனுப்புவது. ‘ட்ராப்’ என்றால் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடுவது. உங்கள் திருத்தத்துக்கு அநேகமாக இரண்டாவது மரியாதைதான் கிடைக்கும். அப்படிக் கிடைத்தால், இணையத்தில் பொட்டலங்களைக் கொண்டுசேர்க்கும் டிசிபி நெறிமுறை என்ன செய்கிறதோ அதையே செய்யுங்கள்: கொஞ்சம் பொறுத்து மறுபடி அனுப்புவது, ஒவ்வொரு முறையும் இடைவெளியை இரட்டிப்பாக்குவது. ஒரு வாரம், இரண்டு வாரம், நான்கு வாரம். லினக்ஸின் வழக்கம் வெகுகாலம் முதல் தட்டலும் ஆறு நினைவூட்டலுமாக இருந்தது. அதற்குமேல் அதுவும் வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டது.