உயரம் பாய்தல் பிரிவுக்கு ஒரு விண்ணப்பம்

மாட்சிமை தங்கிய போக்குவரத்துத் துறைப் பெரியோர் அவர்கட்கு,

போன வெள்ளிக்கிழமை காலை சுன்னாகம் சந்தியில், தங்கள் கருணையால் அடியேனும் ஒரு விளையாட்டு வீரனானேன். வயது எழுபதுக்கு மேல். ஒரு கையில் இரண்டு சீப்புக் கதலி, மறு கையில் குடை. பஸ்ஸின் முதற்படியோ என் முழங்காலுக்கு மேலே. கொண்டக்டர் தம்பி மேலிருந்து இழுக்க, யாரோ ஒரு புண்ணியவான் கீழிருந்து தள்ள, பஸ் வெளிக்கிட்டுவிட்டது. நான் உள்ளே, ஒரு செருப்பு சந்தியில். "ஏலாட்டி வீட்டில இருக்கலாமே ஐயா" என்றார் தம்பி. பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிரித்தார்கள்.

தங்கள் திட்டம் எனக்கு அன்றிரவுதான் விளங்கிற்று. 1958 ஜனவரியில் பஸ் சேவையை அரசுடைமையாக்கி இலங்கைப் போக்குவரத்துச் சபையைத் தொடங்கினார்கள். அதே ஆண்டு டோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் எங்கள் எதிர்வீரசிங்கம் உயரம் பாய்தலில் தங்கம் வென்றார். சேதி கேட்டு மகிழ்ந்த பெரியவர் யாரோ, இனி யாழ்ப்பாணத்தார் எல்லாரும் பாய்ந்தே ஏறட்டும் என்று படியின் உயரத்தைத் தீர்மானித்திருக்க வேண்டும். பலனும் கிடைத்திருக்கிறது. பக்கத்துத் தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியிலிருந்து கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனை படைத்த அனித்தா ஜெகதீஸ்வரன் வந்தாரே!

ஒவ்வொரு பிரிவினருக்கும் ஒவ்வொரு போட்டி வைத்திருக்கும் நுட்பம்தான் பெரிது. ஏழாலையிலிருந்து கத்தரிக்காய் மூட்டையோடு சந்தைக்கு வரும் ஆச்சிக்குப் பளுதூக்கல். காலையில் மிதிபலகையில் தொங்கும் மாணவர்களுக்கு வளையப் பயிற்சி. பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு மட்டும் இன்னும் போட்டி ஒதுக்கவில்லை போலிருக்கிறது. தனியார் பஸ்காரர் நடுவர்கள். அன்றாடக் கலெக்சனில் வயிறு வளர்க்கும் அவர்களுக்குக் கிழவன் ஏறும் ஒரு நிமிடம் பின்னால் வரும் பஸ்ஸுக்குப் போகும் காசு. அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அந்த ஓட்டப்பந்தயத்தை ஏற்பாடு செய்தவர் தாங்கள்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காக 1996 இல் 28ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பொதுக் கட்டடங்களில் அணுகுவசதி வேண்டுமென்று 2006 இல் ஒழுங்குவிதிகளும் வந்தன. இப்போது கந்தோர் வாசலில் சாய்தளம் உண்டு. அந்தச் சாய்தளத்துக்குப் போக உயரம் பாய வேண்டும். ஷெல்லிலும் மிதிவெடியிலும் காலைப் பறிகொடுத்தவர்கள் வாழும் மண் ஐயா இது! அவர்களால் ஏற முடியாத பஸ்ஸைத் தெரிந்துகொண்டே வாங்கி, மாலை போட்டு, நாடா வெட்டி, படமும் எடுக்கிறீர்கள். வெட்கமாயில்லையா?

மன்னிக்கவும். மூச்சு வாங்கிவிட்டது, பயிற்சி போதவில்லை.

சென்னையில் சிலர் வழக்குப் போட்டு, 2024 இல் தாழ்தளப் பஸ்களை வீதிக்கு வரவைத்துவிட்டார்களாம். தரிப்பிடத்தில் பஸ் தானே சரிந்து கொடுக்குமாம். லண்டனிலும் அப்படித்தான் என்கிறாள் மகள். பாவம், அந்த ஊர்களில் இனி உயரம் பாய ஆள் கிடைக்குமா?

தங்களிடம் அவ்வளவு கேட்கவில்லை. ஓடுகிற பஸ்களுக்குக் கீழே இன்னொரு படி பூட்டுங்கள். கடைசி ஆள் ஏறி நிற்கும்வரை பஸ் அசையக் கூடாதென்று உத்தரவிடுங்கள். அடுத்த தொகுதி பஸ்ஸுக்குக் காசு கொடுக்குமுன், ஒன்றைச் சுன்னாகம் சந்தைக்குக் கொண்டுவந்து நிறுத்தி, மூட்டைக்கார ஆச்சி ஒருவரையும் ஊன்றுகோலோடு நடப்பவர் ஒருவரையும் ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள். அவர்கள் சரியென்றால் வாங்குங்கள்.

இப்படிக்கு,
சுன்னாகத்துப் பயணி ஒருவன்