கொள்ளைநோயும் கணக்கும்

கொரோனாவில் பிரிட்டனில் 5 லட்சம் பேர் சாவார்கள் என்று இம்பீரியல் கல்லூரி நிபுணர்கள் பயமுறுத்தினார்களே, கணக்கு பொய்த்துவிட்டதே?

"எதுவும் செய்யாமல் கையைக் கட்டிக்கொண்டு இருந்தால்" என்ற முதல் பாதியை விட்டுவிட்டீர்களே! 2020 மார்ச் 16-ல் வந்த அந்த அறிக்கை, அப்படி இருந்தால் 5,10,000 பேர் இறக்கலாம் என்றது. ஒரே வாரத்தில், 23-ம் தேதி, அங்கே ஊரடங்கு வந்தது. குடை பிடித்தவர் நனையவில்லை என்பதால் மழையே பெய்யவில்லை என்போமா? அத்தனை கட்டுப்பாட்டுக்குப் பிறகும் அங்கே 2 லட்சத்துக்கு மேற்பட்டோரைப் பறிகொடுத்தார்கள்.

நோய் வந்தால் டாக்டர் போதாதா? கணக்கு வாத்தியார் எதற்கு?

இரண்டும் ஒரே ஆளாக இருந்தால்? 1897-ல் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்ட டாக்டர் ரொனால்ட் ராஸ், பிறகு சமன்பாடு எழுத உட்கார்ந்தார். கொசுவை அடியோடு ஒழிக்க வேண்டாம், ஓர் அளவுக்குக் கீழே குறைத்தாலே மலேரியா அடங்கும் என்று காட்டினார்.

இதெல்லாம் கம்ப்யூட்டர் வந்த பிறகு வந்த வித்தைதானே?

1927! நோய் தொற்றக்கூடியவர், தொற்றியவர், மீண்டவர் அல்லது இறந்தவர் என்று ஊரை மூன்றாகப் பிரித்த கெர்மாக், மெக்கென்ட்ரிக் இருவரின் கணித மாடல் அந்த ஆண்டு வெளிவந்தது. கெர்மாக் பார்வையை இழந்தவர். மெக்கென்ட்ரிக் இந்தியாவில் பணிபுரிந்த டாக்டர். அவர்கள் தங்கள் மாடல் தந்த வளைகோட்டை ஒப்பிட்டுப் பார்த்தது 1905-06 பம்பாய் பிளேக் சாவுக் கணக்கோடு.

அடுத்த கொள்ளைநோய் எப்போது என்று மாடல் சொல்லுமா?

சொல்லாது. வந்த பிறகு, பள்ளியை மூடினால் ஆஸ்பத்திரியில் எத்தனை படுக்கை மிஞ்சும் என்று மதிப்பிட்டுச் சொல்லும். அதற்கு நேற்றைய சாவுகளை மறைக்காமல் எண்ணித் தர வேண்டும்.