நின்றவள் ஊரில் ஓடியவர்

கோபித்துக்கொண்டு பெட்டியைத் தூக்கும் மனைவிக்குப் போக ஓர் இடம் உண்டு: அம்மா வீடு. மகாலட்சுமிக்கு அந்த வசதி சரியாக அமையவில்லை. அவள் பிறந்த வீடு பாற்கடல். கட்டிய கணவரோ அதே கடலில் பாம்பைப் பாயாக விரித்துப் படுத்திருக்கிறார். வீட்டோடு மாப்பிள்ளை. சண்டை போட்டுவிட்டுப் பிறந்த வீட்டுக்குப் போனால் அங்கேயும் அதே முகம்தான். ஆகவே அவள் வைகுண்டத்தை விட்டு வேறு திசையில் நடந்தாள்.

நடந்து வந்து நின்ற இடம் எங்கள் தின்னனூர். ரயில் நிலையப் பலகையில் திருநின்றவூர் என்று இருக்கும். வாயில் வருவது தின்னனூர்தான். திரு என்றால் லட்சுமி. திரு வந்து நின்ற ஊர். இன்றைக்கு சென்னை சென்ட்ரலில் திருவள்ளூர் லோக்கல் ஏறினால் சுமார் 30 கிலோமீட்டர். அன்றைக்கு சென்ட்ரலும் இல்லை, லோக்கலும் இல்லை. ஏரி இருந்தது, கரை இருந்தது, கொக்கு இருந்தது. பக்கத்தில் பாம்பு சீறவில்லை. பிடிப்பதற்கு யாருடைய காலும் இல்லை. எத்தனை யுகம் கழித்துக் கிடைத்த முதல் லீவோ!

இதெல்லாம் தல புராணம் சொல்கிற கதை. கொஞ்சம் வாய்த்துடுக்கு மட்டும் என்னுடையது. சாமியைத் திட்டுகிற மாதிரி கும்பிடக் காளமேகப் புலவர் எப்போதோ வழி போட்டுக் கொடுத்துவிட்டார். நான் அதில் சைக்கிள் ஓட்டுகிறேன்.

வைகுண்டத்தில் லட்சுமி இல்லையென்றால் என்ன ஆகும்? வீட்டில் பணம் இருக்காது. எதற்கும் அசையாத கணவர்கூட மாதக் கடைசியில் அசைவார். முதலில் தூது வந்தவன் அப்பன்காரன், சமுத்திரராஜன். மகளை அதட்டிப் பார்க்கிற துணிச்சல் அவனுக்கு இல்லை. வீம்பு பிடிக்கும் பெண்ணிடம் எல்லா அப்பன்மாரும் சொல்வதைத்தான் அவனும் சொன்னான்: "என்னைப் பெத்த தாயே, வந்துடும்மா!" அவள் வரவில்லை. ஆனால் அந்தக் கெஞ்சல் அவளுக்குப் பெயராக நின்றுவிட்டது. இன்றும் இங்கே தாயாரின் திருநாமம் 'என்னைப் பெற்ற தாயார்'. உலகத்துக்கே அம்மா என்பது சரி. அப்பனுக்கே அம்மா ஆனவள் இவள்.

கடைசியில் கணவரே கிளம்பி வந்தார். அழைத்துப்போக வந்தவருக்கு ஏரிக்காற்று பிடித்துப்போயிற்று. இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர்கள் இன்னும் அறையைக் காலி செய்யவில்லை. பக்தவத்சலப் பெருமாள் என்ற பெயரில் அவரும் இங்கே நின்ற கோலம்தான். படுத்தே பழகினவர். என்ன செய்வது? பெண்டாட்டி நிற்கிற இடத்தில் காலை நீட்டிப் படுக்க எந்தக் கடவுளுக்கும் தைரியம் வராது.

இந்த உல்லாசப் பயணத்துக்கு நடுவில்தான் திருமங்கையாழ்வார் ஊர் வழியாக வந்தார். ஆள் யார் தெரியுமல்லவா? சோழநாட்டுக் குறுநில மன்னர். ஆடல்மா என்று ஒரு குதிரை. மனைவி குமுதவல்லி போட்ட நிபந்தனைப்படி அடியார்களுக்குத் தினமும் சோறு போட்டே கஜானா காலியாகி, வழிப்பறியில் இறங்கியவர். கல்யாணக் கோலத்தில் வந்த பெருமாளையே மடக்கி, கழற்ற வராத கால் மோதிரத்தைப் பல்லால் கடித்துப் பிடுங்கியவர். பிறகு திருந்தி, ஊர் ஊராகப் போய்ப் பெருமாளைப் பாடினார். பெரிய திருமொழி மட்டும் 1,084 பாசுரம்.

அவர் வந்த நேரம் பார்த்துப் பெருமாளும் தாயாரும் தனித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். கவனிக்கவில்லை. ஆழ்வார் போய்விட்டார். நின்றவூரில் நிற்காமல் போன முதல் எக்ஸ்பிரஸ் அவர்தான். அன்றைக்குத் தொடங்கிய வழக்கம்.

பெரிய திருமொழியின் இரண்டாம் பத்தைப் புரட்டினால் தாயாரின் வயிற்றெரிச்சல் புரியும். திருவள்ளூருக்குப் பத்து பாசுரம். அடுத்தது திருவல்லிக்கேணி, பத்து. அதற்கடுத்து திருநீர்மலை, பத்து. அப்புறம் கடல்மல்லை என்கிற மாமல்லபுரம், அதற்கு மட்டும் இருபது! திருவள்ளூருக்கும் திருவல்லிக்கேணிக்கும் நடுவில் யார் இருக்கிறார்கள்? நாம்தான் இருக்கிறோம். நமக்கு எத்தனை?

"ஏன்னா, இந்தப் பக்கம் திருவள்ளூர்க்காராளுக்குப் பத்து, அந்தப் பக்கம் அல்லிக்கேணிக்காராளுக்குப் பத்து. நமக்கு ஒண்ணுகூட இல்லையா? ஓடிப்போய்க் கேட்டு வாங்கிண்டு வாங்கோ."

"அவனா? போன தடவை என் காலைக் கடிச்சவன்டி."

"இப்போ பாட்டுதானே கேக்கப் போறேள். கடிக்க மாட்டார்."

உலகத்தில் பறிகொடுத்தவன் கொள்ளைக்காரனைத் துரத்துவான். பறித்ததைத் திருப்பிக் கேட்காமல், 'இன்னும் ஏதாவது கொடு' என்று துரத்தியவர் இவர் ஒருவர்தான்.

இப்படித்தான் திருநின்றவூரில் நெடுந்தூர ஓட்டம் பிறந்தது. ஒலிம்பிக்காரர்கள் மராத்தான் என்று 42.195 கிலோமீட்டர் ஓடுகிறார்கள். அந்தக் கணக்கும் 1908 லண்டன் ஒலிம்பிக்கில் வந்ததுதான். அதைத் தாண்டினால் அல்ட்ரா மராத்தான். நம்மவர் எடுத்த எடுப்பிலேயே அல்ட்ரா. இங்கிருந்து மாமல்லபுரம் எழுபது கிலோமீட்டர் சொச்சம். எதிராளி குதிரையில், இவர் வெறுங்காலில். மூன்றடியில் உலகத்தை அளந்தவருக்கு இதெல்லாம் அரை அடிகூட இல்லை. ஆனால் வீட்டில் சொன்ன வார்த்தை 'ஓடு'. அளந்துவிட்டுப் போனால் கணக்கில் சேராது.

வழியில் திருநீர்மலை. அங்கே பெருமாளை நான்கு கோலத்தில் சேவிக்கலாம்: நின்றான், இருந்தான், கிடந்தான், நடந்தான். ஐந்தாவதாக 'ஓடினான்' என்று ஒரு கோலம் வைக்க நியாயப்படி எங்கள் ஊருக்குத்தான் உரிமை. இன்னும் யாரும் வைக்கவில்லை.

மாமல்லபுரத்தில் ஆழ்வார் தலசயனப் பெருமாளைப் பாடிக்கொண்டிருந்தார். தலசயனம் என்றால் பாம்புப் படுக்கைகூட இல்லாமல் வெறும் தரையில் கிடப்பது. எழுபது கிலோமீட்டர் ஓடி வந்த களைப்பில் நம்மவருக்கு அந்தத் தரையைப் பார்த்ததும் எவ்வளவு ஆசையாக இருந்திருக்கும்! படுக்காமல், மூச்சு வாங்க ஆழ்வாரின் மனத்தில் தோன்றி நின்றார். ஆழ்வாரும் கடல்மல்லைப் பாட்டுக்குள்ளேயே நின்றவூர் நித்திலம், அதாவது முத்து, என்று ஓர் இடம் கொடுத்தார். தனி வீடு இல்லை, ஒட்டுக் குடித்தனம்.

வாங்கிக்கொண்டு திரும்பினால் வாசலிலேயே கேள்வி. "ஒண்ணுதானா?"

உழவர் சந்தைக்குப் போய்க் கொத்தமல்லி கொசுறு வாங்காமல் வந்த எந்தக் கணவனுக்கும் இந்தக் கேள்வியின் தொனி தெரியும். மறுபடி ஓட்டம். அதற்குள் ஆழ்வார் திருவாரூர்ப் பக்கம் திருக்கண்ணமங்கைக்குப் போய்விட்டார். இங்கிருந்து சுமார் 300 கிலோமீட்டர். வேடிக்கை என்னவென்றால் அந்த ஊர்ப் பெருமாளுக்கும் பெயர் பக்தவத்சலன்தான். ஒரே பெயரில் இரண்டு பேர் வந்து நின்றால் ஆழ்வார் என்ன செய்வார்? கண்ணமங்கைப் பாட்டில் மறுபடியும் நின்றவூர் முத்தைச் சேர்த்துக் கொடுத்து அனுப்பினார்.

கணக்குப் போடுங்கள். மல்லைக்குப் போய்வர 140, கண்ணமங்கைக்குப் போய்வர 600. ஆக 740 கிலோமீட்டர், இரண்டு பாசுரம். பாசுரம் ஒன்றுக்கு 370. 108 திவ்ய தேசத்தில் இவ்வளவு மைலேஜ் கொடுத்து இடம்பிடித்த ஊர் வேறு இருப்பதாகத் தெரியவில்லை.

ஊர் ராசியே அப்படி. இங்கே ஓடுபவனுக்குக் கூலி குறைவு, அசையாமல் இருப்பவருக்குத்தான் மகசூல். பூசலார் நாயனாரைப் பாருங்கள். கையில் காசில்லை, ஓர் இடத்தில் உட்கார்ந்து மனத்துக்குள்ளேயே அஸ்திவாரம் போட்டு, சுதை பூசி, சிவனுக்குக் கோயில் கட்டி முடித்துக் குடமுழுக்குக்கு நாளும் குறித்துவிட்டார். காஞ்சியில் ஆளும் பேரும் வைத்துக் கருங்கல்லில் கோயில் எழுப்பிய பல்லவ மன்னனும் அதே நாளைக் குறித்திருந்தான். சிவன் கனவில் வந்து, "அன்றைக்கு நான் நின்றவூரில் இருப்பேன், நீ வேறு நாள் பார்" என்று சொல்லிவிட்டார். ராஜா அடித்துப் பிடித்து இங்கே வந்து, கோயில் எங்கே என்று தேடி, கடைசியில் உட்கார்ந்திருந்த ஒரு மனிதரின் காலில் விழுந்தான். அதை நினைவில் வைத்துத்தான் இங்கே இருதயாலீஸ்வரர் கோயில். இதய நோய்க்காரர்கள் வேண்டிக்கொண்டு வருகிறார்கள். புதிதாக ஓட ஆரம்பிப்பவர்களும் ஒருமுறை எட்டிப்பார்ப்பது நல்லது.

போன தையில் எனக்கு டாக்டர் சர்க்கரை என்றார். வீட்டில் ஓடச் சொன்னாள். காலை ஐந்தரைக்கு ஏரிக்கரை, புது ஷூ, பின்னால் இரண்டு நாய். எனக்கு வேகம் கற்றுத்தருவது அவைதான். கரை முடிவில் டீக்கடை ஓரமாகச் சால்வையைப் போர்த்திக்கொண்டு அவள் நிற்பாள்.

"நீயும் ஓடி வரலாமே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நான் நிக்கிறேன். நீங்க இன்னொரு ரவுண்டு போயிட்டு வாங்க."

மேற்கொண்டு பேச எனக்கு வாயில்லை. 740 கிலோமீட்டர் ஓடியவர் பெயரை இந்த ஊருக்கு யாரும் வைக்கவில்லை. நின்றவள் பெயரைத்தான் வைத்தார்கள். ஷூ நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். நாய்கள் தயாராக இருந்தன.