எந்த இடம் காலி?

2003 ஆகஸ்ட் 6. லிஸ்பனில் ஸ்போர்ட்டிங் கால்பந்து கிளப் புது ஸ்டேடியம் கட்டி, கிரகப்பிரவேசத்துக்கு மான்செஸ்டர் யுனைடெட்டை அழைத்திருந்தது. அமெரிக்காவில் ஊர் ஊராக ஆடிவிட்டு, தூக்கக் கலக்கத்தோடு நேராக அங்கே வந்து இறங்கியது அந்தப் படை. விருந்தாளியை உட்காரவைத்து இலை போடுவதுதான் மரபு. ஸ்போர்ட்டிங்கின் 18 வயதுப் பையன் ஒருவன் இலையை விட்டுவிட்டு விருந்தாளியையே மடித்துப் போட்டான்.

மடிக்கப்பட்டவர் பெயர் ஜான் ஓஷே. அயர்லாந்தின் வாட்டர்ஃபோர்டுக்காரர், ஆறடி மூன்றங்குல உயரம், தடுப்பாட்டக்காரர். பையன் இடப்பக்கம் போவதுபோல் வலப்பக்கம் போனான், வலப்பக்கம் போவதுபோல் காணாமலே போனான். இடைவேளையில் ஓஷேக்குத் தலைசுற்றி டாக்டரைப் பார்க்க வேண்டியதாயிற்று என்று கேப்டன் ராய் கீன் பிற்பாடு புத்தகத்திலேயே எழுதி மானத்தை வாங்கினார். யுனைடெட் 3-1 என்று தோற்றது. ஒரு வாரத்துக்குள் மேனேஜர் ஃபெர்குசன் 1 கோடியே 22 லட்சம் பவுண்டுக்கு மேல் எண்ணிவைத்து அந்தப் பையனைக் கூட்டிவந்துவிட்டார். பையன் பெயர் கிறிஸ்டியானோ ரொனால்டோ.

பேரம் முன்பே நடந்துகொண்டிருந்தது என்பார்கள் சரித்திர ஆசிரியர்கள். நல்ல கதையைக் கெடுப்பதற்கென்றே பிறந்தவர்கள் அவர்கள். என்னைக் கேட்டால், யுனைடெட்டுக்கு ஆள் பிடித்துக் கொடுத்தவர்களில் தலைசிறந்தவர் ஓஷேதான். சரக்கைத் தன் தலையிலேயே சோதித்துப் பார்த்துச் சான்றிதழ் கொடுத்தவர் வேறு யார்?

இதற்கு ஒரு முன்வினை உண்டு. அதே வருடம் ஏப்ரல் 23-ல், ரியல் மாட்ரிட்டுடன் ஆடியபோது, இதே ஓஷே லூயிஸ் ஃபிகோவின் இரண்டு காலுக்கும் நடுவே பந்தை அனுப்பிவிட்டு மறுபக்கம் போய் எடுத்துக்கொண்டார். ஃபிகோவோ போர்ச்சுகலின் செல்லப்பிள்ளை. ஆட்டம் கற்ற பள்ளிக்கூடம் ஸ்போர்ட்டிங். பழைய மாணவர் பட்ட அவமானத்துக்குப் பள்ளிக்கூடம் மூன்றரை மாதத்தில் வட்டியோடு வசூல் பண்ணிவிட்டது.

ஓஷே என்ன ஆட்டக்காரர் என்று கேட்டால் பதில் சொல்வது சிரமம். வலது பேக், இடது பேக், நடுத்தடுப்பு, நடுக்களம் என்று எங்கும் நிற்பார். கல்யாண வீட்டில் ஒரு சித்தப்பா இருப்பாரே, வாழைமரம் கட்டுவதிலிருந்து சாம்பார் வாளி தூக்குவதுவரை எல்லாவற்றுக்கும் அவர்தான். ஆல்பத்தில் மட்டும் இருக்கமாட்டார். அந்த ஜாதி.

சித்தப்பாவின் உச்சம் 2007 பிப்ரவரி 4. டாட்டன்ஹாம் மைதானத்தில் யுனைடெட் 4-0 என்று முன்னிலை. கடைசிப் பத்து நிமிடத்தில் கோல்கீப்பர் வான் டெர் சார், டாட்டன்ஹாமின் ராபி கீனோடு மோதி மூக்கை உடைத்துக்கொண்டார். மாற்று ஆட்கள் மூவரும் ஏற்கெனவே இறங்கியாயிற்று. கையுறை யாருக்கு? கேள்வியே வேண்டியிருக்கவில்லை. ஓஷே கோல்கீப்பர் சட்டையை மாட்டிக்கொண்டு நின்ற அழகு, அவசரத்துக்கு அண்ணன் பேன்ட்டைப் போட்டு வந்த மாதிரி. சற்று நேரத்தில் ராபி கீன் பந்தோடு தனியாக ஓடிவந்தார். அவர்தான் அயர்லாந்து அணியின் கேப்டன், ஓஷேயின் நாட்டுத் தலைவர். மரியாதைக்கு ஒதுங்கியிருக்கலாம். ஓஷே பாய்ந்து முன்னேறித் தடுத்துவிட்டார். அன்று விட்ட கோல் பூஜ்யம். எத்தனை முழுநேரக் கோல்கீப்பர்கள் இப்படிச் சுத்தமான கணக்கோடு தொழிலை முடித்திருக்கிறார்கள்?

ஒரு மாதம்கூட ஆகவில்லை. மார்ச் 3, லிவர்பூலின் ஆன்ஃபீல்ட். யுனைடெட்டின் ரூனி வெளியேற, ஓஷே உள்ளே வந்தார். சக ஆட்டக்காரர் ஸ்கோல்ஸுக்குச் சிவப்பு அட்டை. மிச்சம் பத்துப் பேர். 0-0 என்று ஊருக்குக் கிளம்பத் தயாரானபோது, கூடுதல் நேரத்தில் ஒரு ஃப்ரீகிக். ரொனால்டோ அடித்ததைக் கோல்கீப்பர் ரெய்னா நழுவவிட, தடுப்பாட்டக்காரருக்கு வேலையே இல்லாத இடத்தில் நின்றிருந்த ஓஷே உள்ளே அறைந்தார். லிஸ்பன் பாக்கியில் ஒரு தவணை அடைந்தது.

ஆனால் ஜாதகம் என்று ஒன்று இருக்கிறதே. 2008-ல் மாஸ்கோவில் சாம்பியன்ஸ் லீக் வென்ற இரவு, ஓஷே பெஞ்சில் இருந்தார். மறு வருடம் ரோம் இறுதியில் முதல் பதினொருவரில் இடம். பார்சிலோனா 2-0 என்று அடித்தது. ஐந்து லீக் பட்டங்களோடு 2011-ல் சண்டர்லாந்து போனார், கேப்டனும் ஆனார். 2017-ல் அந்த அணி ஒரு படி இறங்கியது, 2018-ல் இன்னொரு படி. இதை இத்துடன் விடுவோம்.

தேசத்துக்கு ஆடிய கணக்கு இன்னும் வேடிக்கை. 2001-ல் குரோஷியாவுடன் அறிமுகம்: கடைசி நேரத்தில் இறங்கி, ஒரு பெனால்டியைத் தானம் செய்து, ஜெயிக்கவேண்டிய ஆட்டத்தை 2-2 ஆக்கினார். 2014 அக்டோபர் 14, கெல்சென்கிர்ஷனில் உலகச் சாம்பியன் ஜெர்மனியுடன் நூறாவது ஆட்டம். 1-0 என்று தோற்றுக்கொண்டிருக்கையில், கூடுதல் நேரமும் தீரப்போகும் சமயம் காலை நீட்டிக் கோல் போட்டார். பதின்மூன்று வருடக் கடன் ஒரே உதையில் தீர்ந்தது.

2019-ல் ஓய்வு. 2024-ல் அயர்லாந்து பயிற்சியாளர் நாற்காலி காலி. வெளியே தேடியும் ஆள் அமையவில்லை. தற்காலிகமாக உட்கார யாரைக் கூப்பிட்டிருப்பார்கள் என்று சொல்லவும் வேண்டுமா? அப்படி உட்கார்ந்தவர், அந்த ஜூன் 11-ல் போர்ச்சுகல் மண்ணில், அவெய்ரோவில், கோட்டருகே நின்றுகொண்டிருந்தார். போர்ச்சுகல் 3-0. அதில் இரண்டு கோல் அந்தப் பழைய பையனுடையவை; இப்போது வயது 39. ஓஷேக்கு ஒரே ஆறுதல், இந்த முறை தலைசுற்றலைப் பங்கிட்டுக்கொள்ள அவரிடம் பதினொரு பேர் இருந்தார்கள்.